3.5 லட்ச ரூபாய் சைக்கிள்: காசு எங்கே வேலை செய்யுது, எங்கே சும்மா கிடக்குது?

"ஒரு மவுன்டன் சைக்கிளுக்கு 3.5 லட்சம் கொடுக்கலாமா?" இந்தக் கேள்வியை வீட்டுல கேட்டா, "அந்தக் காசுக்கு புல்லட்டே வாங்கலாமேடா"ன்னு அப்பா சொல்லுவார். நம்மள மாதிரி ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவங்ககிட்ட கேட்டா, "மொத்தமா இண்டெக்ஸ் ஃபண்டுல போடுங்க, 12% வச்சா 20 வருஷத்துல கிட்டத்தட்ட 34 லட்சம்"னு கால்குலேட்டரை எடுத்துருவோம். ரெண்டு பேருமே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலை. சைக்கிளே வேண்டாம்னு சொல்றாங்க, அவ்வளவுதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வாங்கலாம். 6 மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கு, குடும்பம் உங்களை நம்பி இருந்தா டேர்ம் பாலிசியும் இருக்கு, இதையெல்லாம் தொடாம வாங்க முடியும்னா தாராளமா வாங்குங்க. சம்பாதிக்கிறதே எதுக்கு? ஆனா ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்ல ஒரு விஷயம் இருக்கு. போனோ டிவியோ வாங்கினா, கொடுத்த காசுக்கான பலன் பெட்டியைப் பிரிச்ச உடனே கிடைச்சிரும். இதுல அப்படி இல்லை. ஓட்டுறதுக்கு இடமும் நேரமும் இருக்கணும், சைஸ் உங்களுக்குப் பொருந்தணும், சஸ்பென்ஷனை உங்க எடைக்குச் சரியா வைக்கணும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும், லட்சக்கணக்குல காசு பால்கனியில சாஞ்சு நிக்கும்.

முதல்ல எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு பார்ப்போம். சாதாரண மவுன்டன் சைக்கிள்ல முன்னாடி மட்டும் ஃபோர்க் அமுங்கும், பின்னாடி ஃபிரேம் இறுக்கமா இருக்கும். இதுக்கு ஹார்டுடெயில்னு பேரு. ஃபுல் சஸ்பென்ஷன்ல பின்சக்கரமும் தனி லிங்க்குல மேலே கீழே போகும், நடுவுல ஒரு ஏர் ஷாக் இருக்கும். கல்லு, வேர், படிக்கட்டு மாதிரி பாறைன்னு வர்றப்போ பின்சக்கரம் தரையை விட்டு எகிறாது. பிடிமானம் இருக்கும், முதுகும் தப்பிக்கும். இந்த லிங்க், பேரிங், ஷாக், அதுக்கான வடிவமைப்பு இதுக்குத்தான் நீங்க கூடுதலா லட்சங்கள் கொடுக்கிறீங்க. கரடுமுரடான தரை இல்லைன்னா அந்தக் காசுக்கு வேலையே இல்லை. ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புறதுதான் உங்க ரைடுன்னா, இந்தச் சைக்கிள் உங்களுக்குச் சுமை. 14, 15 கிலோவையும் அகலமான டயரையும் தார் ரோட்டுல சும்மா இழுத்துக்கிட்டுப் போவீங்க.

அதனால விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மணிக்கணக்கைப் பாருங்க. மலைப்பாதையில ஓட்டுற மணிநேரம் மட்டும்தான் கணக்கு.

ஒரு உதாரணம். சைக்கிள் 3,50,000. நாலு வருஷம் கழிச்சு பாதி விலைக்கு வித்துடுவீங்கன்னு வச்சுக்குவோம், நஷ்டம் 1,75,000. ஹெல்மெட், நீ பேட், கிளவுஸ், ஷாக் பம்ப் எல்லாம் சேர்த்து 30,000. மாசம் ரெண்டு தடவை, தடவைக்கு 3 மணி நேரம்னா வருஷத்துக்கு 72 மணி நேரம், நாலு வருஷத்துல 288. டயர், பிரேக் பேட், செயின், சர்வீஸுக்கு வருஷம் 25,000 ஒதுக்கினா 1,00,000. மொத்தம் 3,05,000. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1,060 ரூபாய். வாரக்கடைசியில ஒரு மால்ல படமும் சாப்பாடும்னு போனா ஆகுற செலவுதான். எனக்கு இது ஓகே.

இப்போ அதே சைக்கிள், ஆனா வருஷத்துக்கு 10 ரைடு. நாலு வருஷத்துல 120 மணி நேரம். பராமரிப்பு 40,000-ன்னு குறைச்சுப் போட்டாலும் மொத்தம் 2,45,000, மணிக்கு 2,000 ரூபாய்க்கு மேலே. சென்னையிலிருந்து மலைக்குப் போய்வர டீசலும் தங்குற செலவும் இதுல சேர்க்கவே இல்லை. வருஷத்துக்கு 10 ரைடுதான்னா வாடகைக்கு எடுத்துட்டுப் போறது எவ்வளவோ மேல்.

இதுல ஊர் முக்கியம். கோயம்புத்தூர்ல இருக்கிறவருக்கு நீலகிரி ஒரு காலைப் பயணம். பெங்களூர்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் துரஹள்ளி மாதிரி ஊரை ஒட்டின பாதைகள் பழக்கம். சென்னைக்காரருக்கு ஏற்காடோ ஜவ்வாது மலையோ போகணும்னா ஒரு வாரக்கடைசியே காலி. இன்னொண்ணும் இருக்கு. மேப்ல பாதை தெரியுதுன்னு எல்லா இடத்துலயும் ஓட்ட முடியாது. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது குற்றம், எஸ்டேட் பாதைகள் தனியார் நிலம். "எங்கே ஓட்டப் போறேன்"னு மூணு இடத்தோட பேரை எழுத முடியலைன்னா, கடைக்குப் போறதைத் தள்ளிப் போடுங்க. ஒரு வருஷம் நல்ல ஹார்டுடெயில் ஒண்ணுல ஓட்டுங்க. அதுல ஓடின மணிக்கணக்கு உங்ககிட்ட உண்மையைச் சொல்லும்.

இஎம்ஐ வேண்டாம், ஆர்டி போதும்

3,50,000-ஐ 15% வட்டியில 24 மாச இஎம்ஐ ஆக்கினா மாசம் சுமார் 16,970 வரும். வட்டி மட்டும் 57,000-க்கு மேலே. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி, அது ஒரு 10,000. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னா, ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு தள்ளுபடின்னு அதே கடையில கேட்டுப் பாருங்க, காஸ்ட் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிரும். ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல பேங்க்குகளுக்குச் சொல்லியிருக்கு.

அதே 17,000-ஐ மாசாமாசம் 6.5% ஆர்டியில போட்டா 20 மாசத்துல சுமார் 3,59,000 கையில இருக்கும். இஎம்ஐ கட்டுறவர் இன்னும் நாலு மாசம் கட்டிக்கிட்டு இருப்பார். அந்த 20 மாசமும் ஹார்டுடெயில்ல ஓட்டினீங்கன்னா, எந்த மாதிரி சைக்கிள் வேணும்னு உங்களுக்கே தெளிவாகியிருக்கும். இந்தச் சந்தையில காத்திருந்தவங்களுக்குத்தான் லாபம். 2020, 2021-ல கொரோனா நேரத்துல உலகம் முழுக்க சைக்கிள் தட்டுப்பாடு, சொன்ன விலை கொடுத்தும் கிடைக்கலை. 2023-ல அதே கம்பெனிகள் கிடங்குல தேங்கினதைத் தள்ளுபடியில தள்ளிக்கிட்டு இருந்தாங்க. இங்கே 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பழைய ஸ்டிக்கர் விலையைக் காட்டினா அதைக் கேளுங்க.

தள்ளுபடியில சைஸ் கிடைக்காது

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், உயரம் 166 செ.மீ. 3,60,000 ரூபாய் சைக்கிள் 30% தள்ளுபடியில வந்துச்சு, ஆனா லார்ஜ் சைஸ் மட்டும்தான் மிச்சம். "ஸ்டெம்மை மாத்திட்டா சரியாயிடும் சார்"ன்னு கடையில சொன்னாங்க. 2,52,000-க்கு எடுத்தார். எட்டு மாசத்துல 1,60,000-க்கு வித்தார். 1,08,000 மிச்சம் பண்ணினார், 92,000 போச்சு, கையில சைக்கிளும் இல்லை. தள்ளுபடி விற்பனையில கடைசியா நிக்கிறது பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத சைஸ்தான். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியிலயே நமக்குத் தெரிஞ்ச விஷயம் இது.

ஸ்டெம்மை மாத்தினா ஏன் சரியாகாது? ரோடு சைக்கிள்ல முழு நேரமும் உட்கார்ந்து ஓட்டுவோம், சீட்டையும் ஸ்டெம்மையும் வச்சு ஓரளவு சமாளிக்கலாம். மலையில இறங்குறப்போ நீங்க பெடல்ல நிப்பீங்க. அப்போ உங்களுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல எவ்வளவு இடம்ங்கிறதைத் தீர்மானிக்கிறது ஃபிரேமோட ரீச். பெடல் அச்சுக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டா, அங்கிருந்து ஹெட் டியூப்போட மேல்முனை வரைக்கும் கிடைமட்டமா உள்ள தூரம்தான் ரீச். அது ஃபிரேம்ல வெல்டு பண்ணின நீளம், பிறகு மாத்த முடியாது. ரீச் அதிகமானா கை நீண்டு உடம்பு பின்னாடி போகும், முன்சக்கரத்துல எடை விழாது, வளைவுல முன்சக்கரம் வழுக்கும். விழுந்தா முதல்ல உடையிறது பெரும்பாலும் மணிக்கட்டோ காலர் எலும்போதான். சைஸ் விஷயத்துல நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கிறது காசுக்காக மட்டும் இல்லை.

மீடியம், லார்ஜ்ங்கிற எழுத்தை நம்பாதீங்க. ஒரு கம்பெனியோட மீடியத்துல ரீச் 440 மி.மீ. இருந்தா, இன்னொண்ணோட மீடியத்துல 460 தாண்டும். ஸ்பெஷலைஸ்டு கம்பெனி இந்தக் குழப்பத்தாலயே எழுத்தை விட்டுட்டு எஸ்1-லிருந்து எஸ்6 வரைக்கும்னு எண் வைக்க ஆரம்பிச்சுது. கம்பெனி வெப்சைட்ல ஜியாமெட்ரி அட்டவணை இருக்கும், ரீச்சும் ஸ்டாக்கும் எழுதி வச்சுக்கோங்க. நீங்க வசதியா ஓட்டிப் பார்த்த ஒரு சைக்கிளோட எண்களோட ஒப்பிடுங்க.

நம்ம ஆட்கள் நிறைய பேர் கவனிக்காத இன்னொரு எண் சீட் டியூப் நீளம். இந்த வகை சைக்கிள்ல ஒரு பட்டனை அழுத்தினா சீட் கீழே போற டிராப்பர் போஸ்ட் வரும். ஃபிரேமோட சீட் டியூப் நீளமா இருந்து உங்க கால் குட்டையா இருந்தா, டிராப்பரை முழுசாத் தூக்கினா சீட் உங்களுக்கு ரொம்ப உசரம் ஆயிரும். அப்புறம் 150 மி.மீ. டிராப்பரைக் கழட்டிட்டு 120-க்குக் காசு கொடுக்கணும். உட்கார்ந்து, முழுசாத் தூக்கி, குதிகாலைப் பெடல்ல வச்சுப் பாருங்க. கால் நேரா நீளணும், இடுப்பு சாயக் கூடாது.

ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா? நம்ம ஊர்ப் பாதைகள் பெரும்பாலும் குறுகலானவை, வேகம் குறைவு. நான் சின்ன சைஸ் பக்கம்தான் நிப்பேன். ஹேண்டில்பார் 780, 800 மி.மீ. அகலத்துல வரும். அதை அறுத்துக் குறைக்கலாம், ஒட்ட முடியாது. ரெண்டு வாரம் ஓட்டிட்டு அறுங்க.

ஒரு பம்ப், ஒரு ஸ்கேல்

இனிமே வர்றதுக்குப் பெரிய செலவே இல்லை. ஆனா முழு விலையும் வேலை செய்யுதா இல்லையாங்கிறது இங்கேதான் முடிவாகுது. 58 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஷாக்தான் வருது. உள்ளே எவ்வளவு காத்துங்கிறதுதான் வித்தியாசம். கடையிலிருந்து வர்றப்போ யாரோ ஒருத்தர் எடைக்கு வச்சிருப்பாங்க, அல்லது எதுவும் வைக்காமலே கொடுத்திருப்பாங்க. காத்து அதிகமானா 3.5 லட்ச ரூபாய் சைக்கிள் ஹார்டுடெயில் மாதிரிதான் குதிக்கும். குறைஞ்சா சோபா மாதிரி அமுங்கி, பெடல் கல்லுல இடிக்கும்.

அளக்கிறது சுலபம். ஷாக் பம்ப்னு தனியா ஒண்ணு வேணும், சாதாரண கால் பம்ப் இதுக்கு உதவாது. ஹெல்மெட், ஷூ, தண்ணிப்பையோட முழுசா கிளம்பித் தயாராகுங்க, அந்த எடைதான் கணக்கு. லாக்-அவுட்டைத் திறந்து வைங்க. காத்து அடிச்ச பிறகு ஷாக்கை ஒரு பத்துத் தடவை அமுக்கி விடுங்க, உள்ளே இருக்கிற ரெண்டு அறைக்கும் அழுத்தம் சமமாகும். சுவர்ல கை வச்சு மெதுவா உட்காருங்க. ஷாக் தண்டுல இருக்கிற ரப்பர் வளையத்தைச் சீலோட ஒட்டி நகர்த்திட்டு, குலுக்காம இறங்குங்க. வளையம் எவ்வளவு தூரம் வந்திருக்கோ அதுதான் சாக். ஷாக் ஸ்ட்ரோக் 55 மி.மீ.ன்னா 30% அளவு, அதாவது சுமார் 16 மி.மீ., நல்ல தொடக்கம். முன் ஃபோர்க்குக்கு பெடல்ல நின்னபடி 20% பக்கம்; 130 மி.மீ. ஃபோர்க்குல 26. அதிகமா அமுங்கினா காத்து ஏத்துங்க. பம்பைக் கழட்டுறப்போ "புஸ்"ஸுன்னு வர்ற சத்தம் பம்ப் குழாயில இருந்த காத்து. ஷாக்குல இருந்து போகுதுன்னு பயந்து திரும்பத் திரும்ப மாட்டி அடிக்கிறவங்க நிறைய பேர்.

அடுத்து ரீபவுண்டு. அமுங்கின சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாத் திரும்புதுங்கிறதுக்கான குமிழ். பல கம்பெனிகள் அதுல ஆமை, முயல் படமே போட்டிருப்பாங்க. முயல் பக்கம் ரொம்பப் போனா சீட் உங்களை எட்டி உதைக்கும். ஆமை பக்கம் போனா அடுத்தடுத்த கல்லுல திரும்பி வர நேரமில்லாம ஷாக் அமுங்கியே கிடக்கும். காத்தை மாத்தினா ரீபவுண்டையும் திரும்பப் பார்க்கணும். ராக்‌ஷாக்ஸ் பார்ட்ஸ்னா அவங்களோட டிரெயில்ஹெட்ல சீரியல் நம்பரையும் எடையையும் போட்டா தொடக்க எண்கள் கிடைக்கும். கிளிக் எண்ணிக்கை, காத்து அழுத்தம், தேதி மூணையும் போன் நோட்ஸ்ல வைங்க. ஒரு ரைடுக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க, இல்லைன்னா எதனால மாறுச்சுன்னே தெரியாது.

டயர் அழுத்தம்தான் எல்லாத்தையும் விட மலிவான அப்கிரேடு. கடைக்காரர் பழக்கதோஷத்துல 40 பிஎஸ்ஐ அடிச்சு விடுவார். 65 கிலோ ஆளுக்கு 2.4 இஞ்ச் டியூப்லெஸ் டயர்ல முன்னாடி 21, 22, பின்னாடி 24 பக்கம் ஆரம்பிச்சுப் பாருங்க. அதே சைக்கிள்தானான்னு சந்தேகம் வரும்.

எதுக்குக் கூடக் கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

கார்பன் ஃபிரேமுக்கு வேண்டாம். அலுமினியத்தை விட பெரும்பாலும் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைக்கும் குறையும். நீங்க முதுகுல சுமக்கிற ஒரு லிட்டர் தண்ணியே ஒரு கிலோ. ஷிமானோ டியோர் 12 ஸ்பீடு கியர் போதும். எக்ஸ்டிஆர்-க்குக் கொடுக்கிற காசு பெரும்பாலும் எடைக்கும் வழவழப்புக்கும். ஃபாக்ஸ் ஃபோர்க்குல ஃபேக்டரிக்கு அடுத்த படியில பெர்ஃபார்மன்ஸ் எலீட் இருக்கு. உள்ளே இருக்கிற டேம்பர் ஒண்ணுதான், ஃபேக்டரியில தங்க நிறக் கஷிமா பூச்சு கூடுதலா வரும். போட்டோவுல அழகா இருக்கும், நான் மறுக்கலை. கூடக் கொடுக்கணும்னா நல்ல டேம்பர் உள்ள ஃபோர்க், நாலு பிஸ்டன் பிரேக், நல்ல டயர், இந்த மூணுக்குக் கொடுங்க. ட்ராவல் 120, 130 மி.மீ. போதும். 160 மி.மீ. எண்டூரோ சைக்கிளை மலை மேலே ஏத்திவிட லிஃப்ட் கிடையாது, நம்ம கால்தான் ஏத்தணும்.

வாங்கின பிறகு வர்ற செலவைப் பில்லுல யாரும் எழுத மாட்டாங்க. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குக்குக் கீழ்க்கால் சர்வீஸ் 50 மணி நேரத்துக்கு ஒருதடவை, டேம்பர் சர்வீஸ் 200 மணி நேரத்துக்கு. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருஷம்னு சொல்லுது. விட்டுட்டா சீல்ல மண் புகுந்து தண்டு கீறும், அப்புறம் சர்வீஸ் காசு இல்லை, புது ஃபோர்க் காசு. மழைக்காலத்துல சேறோட வந்து வாட்டர் வாஷ் கடையில ஹை பிரஷர்ல அடிக்கக் கொடுக்காதீங்க. லிங்க் பேரிங்குக்குள்ள தண்ணி போய் கிரீஸை வெளியே தள்ளிரும். வாளித் தண்ணியும் பழைய துணியும் போதும். டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் நம்ம வெயில்ல சீக்கிரம் காயும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை திறந்து பாருங்க.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. ஹெல்த் பாலிசியில சாகச விளையாட்டுக்கான விலக்கு, தொழில்முறையா அதுல ஈடுபடுறவங்களுக்குன்னுதான் பொது வாசகத்துல இருக்கு, வாரக்கடைசி ரைடருக்குப் பயமில்லை. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாசகத்தைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

செகண்ட் ஹேண்ட் நல்ல வழிதான், ஏன்னா முதல் ஓனர்தான் பெரிய இறக்கத்தைச் சுமக்கிறார். ஆனா 26 இஞ்ச் சக்கர சைக்கிள் எவ்வளவு மலிவா வந்தாலும் விடுங்க, நல்ல டயரும் ஃபோர்க்கும் தேடி அலைவீங்க. ஒரிஜினல் பில், சீரியல் நம்பர் கேளுங்க. ஃபோர்க் தண்டுல நகத்தை ஓட்டிப் பாருங்க, கீறல் தட்டுப்படக் கூடாது. சீட்டைத் தூக்கி அசைச்சா லிங்க்குல கடகடன்னு ஆட்டம் இருக்கக் கூடாது. ஷாக் காத்து ராத்திரி முழுக்க நிக்குதான்னு பார்க்கணும். பல கம்பெனிகளோட ஃபிரேம் வாரன்ட்டி முதல் ஓனருக்கு மட்டும்தான், அதை விலையில கழிச்சுப் பேசுங்க.

புதுசா வாங்குறவங்க, ஆன்லைன்ல 15,000 கம்மின்னு வேற ஊர்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, உங்க ஊர்க் கடையில ரெண்டு கேள்வி கேளுங்க. சாக் வைக்கிறப்போ என்னை உட்கார வச்சு அளந்து காட்டுவீங்களா? 50 மணி நேரம் ஓடினப்புறம் இந்த ஃபோர்க்கைத் திறக்கிறது யாரு, சீல் கிட் உங்ககிட்ட இருக்கா? ரெண்டாவதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டு நிறுத்தினாங்கன்னா அந்த 15,000-ஐ அங்கேயே கொடுங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"ன்னு பதில் வந்தா, அடுத்த கடைக்குப் போங்க.